முதல் சிறார் நூல்: விழா முடிந்த பிறகுதான் வேலை

சிறார் நூலைப் படிப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். முதல் புத்தகம் போடுபவர்கள் பலர் இந்த இரண்டு பேருமே வராத இடத்தில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். அதுதான் வெளியீட்டு விழா. மண்டப வாடகை, பதாகை, பொன்னாடை, ஏழெட்டு வாழ்த்துரைகள் என்று செலவு ஏறும். வருபவர்களில் பாதிப்பேர் சக எழுத்தாளர்கள், அவர்களுக்குப் பிரதி அன்பளிப்பாகவே போய்விடும். பத்து வயதுக்குக் கீழே அரங்கில் இருப்பது எழுத்தாளரின் சொந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். விழாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சிறிதாக வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தைப் பள்ளிகளுக்குப் போய்வர ஒதுக்குங்கள்.

அதற்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நந்தனத்தில் நடக்கிறது. பிரதி டிசம்பர் நடுவிலேயே கையில் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் சிவகாசி அச்சகங்கள் காலண்டர், டைரி வேலையில் மூழ்கிவிடும். நான்கு வண்ணப் படக்கதையை நவம்பரில் கொண்டுபோனால் வரிசையின் கடைசியில்தான் இடம். ஆகவே செப்டம்பருக்குள் புத்தகக் கோப்பை அச்சகத்தில் கொடுத்துவிடுங்கள். மாதிரி அச்சை உண்மையான தாளிலேயே போட்டுப் பாருங்கள். திரையில் அழகாகத் தெரிந்த இரவுக்காட்சி, தாளில் வெறும் கறுப்பாக அப்பிக்கொள்ளும்.

பள்ளிக்கும் நாள் பார்க்க வேண்டும். ஏப்ரல் 2 உலகச் சிறார் புத்தக நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். இரண்டுமே நம் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வுக் காலத்தை ஒட்டி வருவதால், நிகழ்ச்சிக்கு நேரம் கிடைப்பது அரிது. தோதான காலம் நவம்பர் 14 குழந்தைகள் தினமும், அன்று தொடங்கி 20 வரை போகும் தேசிய நூலக வாரமும். 14ஆம் தேதியையே எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் 17, 18 கேளுங்கள். மழை விடுமுறை வரும் மாதம் அது. மாற்றுத் தேதி ஒன்றையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

வகுப்பில் கிடைப்பது ஒரு பாடவேளை, சுமார் 40 நிமிடம். ஆசிரியர் அறிமுகம் செய்து அமைதிப்படுத்துவதற்குள் அதில் ஐந்து நிமிடம் போய்விடும். கதையை 12 நிமிடத்துக்கு மேல் வாசிக்காதீர்கள். முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரே புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் மூன்றாம் வரிசைக்கு மேல் எதுவும் தெரியாது. நான்கைந்து படங்களை ஏ3 அளவில் அச்சிட்டு எடுத்துப்போங்கள். கதையின் முக்கால் பங்கில் நிறுத்திவிட்டு, ‘அப்புறம் என்ன ஆகியிருக்கும்?’ என்று கேளுங்கள். வரும் பதில்களில் ஒன்றிரண்டாவது நீங்கள் எழுதிய முடிவைவிட நன்றாக இருக்கும். முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டால் புத்தகத்தைத் தேட ஒருவருக்கும் காரணமில்லை. ஓவியரும் கூட வந்து கரும்பலகையில் பாத்திரத்தை வரைந்து காட்டினால் மீதி நேரம் போவதே தெரியாது.

விற்பனை இங்கேதான் வழுக்கும். பிள்ளையின் கையில் காசு இருக்காது. தனியார் பள்ளி என்றால் ஒரு வாரம் முன்பே அட்டைப்படம், விலை, வயது ஆகிய மூன்றும் உள்ள துண்டுச்சீட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் விற்கப் போகாதீர்கள். தலைமையாசிரியரின் அனுமதியோடு கதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். ஊரில் படித்து வளர்ந்த யாராவது வகுப்பு நூலகத்துக்கு ஐந்து பிரதி வாங்கித் தர முன்வந்தால் அது போதும். கையெழுத்துப் போடும்போது பெயரை ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ‘ஸ்ரீ’யா ‘சிறீ’யா என்று தடுமாறிப் பெயரைத் தவறாக எழுதினால் அந்தப் பிள்ளை அதை மறக்காது. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் முகநூலில் போடவும் கூடாது.

கணக்கையும் பார்த்துவிடலாம். விலை ₹100 என்றால், பதிப்பகத்தார் உங்களுக்கு ₹60 அல்லது ₹70க்குத் தருவார்கள். பதினைந்து பிரதி விற்றால் கையில் நிற்பது ₹450 முதல் ₹600 வரை. பேருந்தும் ஆட்டோவும் அதைச் சாப்பிட்டுவிடும். பள்ளிக்குப் போவதை வருமானமாக நினைத்தால் மூன்றாம் பள்ளியிலேயே சலித்துவிடும்.

புத்தகக் காட்சியில் சிக்கல் வேறு. 24 பக்கப் படக்கதைக்கு நடுவில் ஸ்டேப்லர் பின் அடித்திருப்பார்கள், பெயர் போட முதுகுப் பக்கம் இருக்காது. அலமாரியில் சொருகினால் பெயரே தெரியாது. அட்டை முன்பக்கம் தெரியும்படி கம்பித் தாங்கியில் வைக்க அரங்குக்காரரிடம் கேளுங்கள், பிள்ளைகளின் கண் உயரத்தில். குழந்தை எடுத்து மூன்றாம் பக்கம் போவதற்குள் அப்பா பின் அட்டையைத் திருப்பி, ‘24 பக்கம்தானே, நூறு ரூபாயா?’ என்பார். வண்ண அச்சுச் செலவை அவருக்கு விளக்கிப் பயனில்லை. ஒரு பக்கத்தைப் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ‘இவனுக்குத் தமிழ் படிக்க வராதே’ என்று அம்மா சொன்னால், பக்கத்துக்கு இரண்டு வரிதான் என்று காட்டி, இரவில் அவரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாக்களில் காலை நேரம் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். கையில் ஐம்பதும் நூறும்தான் இருக்கும். வழக்கமான 10 சதவீதக் கழிவு போக ₹90 என்றால், மீதி கொடுக்கப் பத்து ரூபாய்த் தாள் நிறைய வேண்டும்.

மதிப்புரைக்கு இதழ்கள் பெரும்பாலும் இரண்டு பிரதி கேட்கும். கதைசொல்லிகளுக்கும் பள்ளி நூலகப் பொறுப்பாளர்களுக்கும் ஒவ்வொன்று போதும். இருபது, இருபத்தைந்து பிரதிகளை இதற்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய, புத்தகம் அனுப்புவதற்கான ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராம் வரை ₹20, வரி தனி. அட்டை வைத்துக் கட்டினாலும் இரண்டு படக்கதைகள் அதற்குள் அடங்கும். தரைவழியே போவதால் தாமதம் ஆகும். மூலை மடங்காமலிருக்கப் புத்தகத்தைவிட ஒரு விரல் பெரிதான அட்டை வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் முழுக் கோப்பை மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள். ‘நீங்கள் மட்டும் பாருங்கள்’ என்று அனுப்பியது மாலைக்குள் பத்துப் பெற்றோர் குழுக்களில் இருக்கும். மூன்று பக்கப் படம் போதும்.

இந்த அலைச்சலில் கிடைக்கும் பெரிய சுகம் குழந்தைகள் பிடிக்கும் தவறுகள். ‘இங்கே பை சிவப்புன்னு எழுதியிருக்கு, படத்துல நீலமா இருக்கே’ என்று ஒரு விரல் பக்கத்தின் மேல் வந்து நிற்கும். பிழை திருத்துநர், பதிப்பாசிரியர், ஓவியர் எல்லோரும் தவறவிட்டது அது. பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு அன்றைக்கே ஓவியருக்கும் பதிப்பகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். மறுபதிப்பு முடிவானால் பழைய கோப்பு அப்படியே அச்சுக்குப் போய்விடும், அப்போது நினைவுபடுத்த நேரம் இருக்காது.