சோஷியல் செக்யூரிட்டி: உங்க பேர்ல அங்க அக்கவுண்ட்டே கிடையாது

எங்க அண்ணன் பொண்ணு அமெரிக்காவுல ஹைஸ்கூல்ல எக்ஸ்டெம்ப் பண்றா. தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், அது ஒரு பேச்சுப் போட்டி, மூணு கேள்வி குடுப்பாங்க, ஒண்ண எடுத்துக்கணும், 30 நிமிஷம் தயார் பண்ணிட்டு 7 நிமிஷம் நின்னு பேசணும். கேள்வி எல்லாம் இன்னிக்கு நடக்கற அரசியல்தான். போன வாரம் வீட்டுல பிராக்டிஸ் பண்றப்ப அவளுக்கு வந்தது "சோஷியல் செக்யூரிட்டிய காங்கிரஸ் எப்படி காப்பாத்தணும்". சோஷியல் செக்யூரிட்டின்னா அமெரிக்க அரசோட பென்ஷன் திட்டம், காங்கிரஸ்னா அந்த ஊர் பார்லிமெண்ட். பொண்ணு நல்லாதான் ஆரம்பிச்சா, ஆனா ரெண்டாவது நிமிஷத்துல "2033ல ஃபண்ட் காலியாயிடும், அதுக்கப்புறம் யாருக்கும் ஒரு பைசா வராது"ன்னு சொன்னா பாருங்க, அங்கயே நிறுத்திட்டேன். இதே தப்ப பெரியவங்களே டீ குடிச்சிட்டு சொல்றாங்க, பதினஞ்சு வயசுப் புள்ளைய குத்தம் சொல்லி என்ன. அவளுக்கு சொன்னதத்தான் இங்க எழுதறேன், மத்த வீட்டுப் பசங்களுக்கும் உதவும்.

முதல்ல ஒண்ணு மனசுல ஏத்திக்கணும். நம்ம ஊர் பிஎஃப் மாதிரி உங்க பேர்ல ஒரு அக்கவுண்ட், அதுல உங்க காசு, வட்டியோட சேர்ந்துட்டு வரும், ரிட்டயர் ஆனதும் எடுத்துக்கலாம், அப்படி இல்லவே இல்ல இது. இன்னிக்கு வேலை பாக்கறவங்க சம்பளத்துல பிடிச்ச காசு இன்னிக்கு ரிட்டயர் ஆனவங்களுக்குப் போகுது. இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுக்கறது, அவ்வளவுதான். நாளைக்கு நீங்க ரிட்டயர் ஆனா அப்ப வேலை பாக்கற பசங்க குடுப்பாங்க.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்ட் 14ல கையெழுத்து போட்ட சட்டம் இது. முதல் மாசாந்திர செக் வாங்கினது ஐடா மே ஃபுல்லர்னு வெர்மான்ட்ல இருந்த ஒரு அம்மா, 1940 ஜனவரி 31 தேதி போட்ட செக், 22 டாலர் 54 சென்ட். அந்தம்மா மூணு வருஷத்துல கட்டின மொத்த வரியே 24.75 டாலர்தான், ரெண்டாவது செக்குலயே போட்டதுக்கு மேல எடுத்துட்டாங்க. நூறு வயசு இருந்தாங்க, மொத்தம் 22,888.92 டாலர் வாங்கினாங்க. இதக் கேட்டா யாராச்சும் "பாத்தீங்களா ஏமாத்து வேலை"ம்பாங்க, ஆனா சேமிப்பா பாத்தாதான் அது ஏமாத்து, ஒரு தலைமுறை தனக்கு முந்தின தலைமுறையத் தாங்கற ஏற்பாடா பாத்தா முதல்ல வர்றவங்களுக்கு அப்படித்தான் அமையும்.

"இது என் காசு, நான் கட்டினது, எனக்கு உரிமை"ன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, அத கோர்ட்டே ஒத்துக்கல. 1960ல ஃப்ளெமிங் எதிர் நெஸ்டர்னு ஒரு கேஸ். நெஸ்டர் பல்கேரியாவுல இருந்து 1913ல வந்தவர், 1936லேர்ந்து 1955 வரைக்கும் வரி கட்டினார், பென்ஷனும் வர ஆரம்பிச்சுது. ஒரு காலத்துல கம்யூனிஸ்ட் கட்சியில இருந்தார்னு 1956ல நாடு கடத்திட்டு பென்ஷனயும் நிறுத்திட்டாங்க. சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு சொன்ன தீர்ப்பு என்னன்னா, இந்தப் பென்ஷன் சொத்துரிமை மாதிரி இல்ல, காங்கிரஸ் நெனச்சா மாத்தலாம். எக்ஸ்டெம்ப் பசங்க இத ஒரு வரி சொன்னா ஜட்ஜ் நிமிர்ந்து உக்காருவார், ஏன்னா முக்கால்வாசி பசங்க இதத் தொடவே மாட்டாங்க.

சரி கணக்குக்கு வருவோம். சம்பளத்துல 6.2 சதவீதம் உங்ககிட்ட, 6.2 கம்பெனிகிட்ட, மொத்தம் 12.4. சொந்தத் தொழில்னா ரெண்டையும் நீங்களே கட்டணும். பே ஸ்டப்ல, அதாவது சம்பளச் சீட்டுல, பக்கத்துலயே 1.45 சதவீதம் இருக்கும், அது வயசானவங்களோட மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு, அதப் போட்டுக் குழப்பிக்காதீங்க. இந்த 6.2க்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, 2026ல 184,500 டாலர். அதுக்கு மேல சம்பாதிக்கற ஒவ்வொரு டாலருக்கும் இந்த வரி கிடையாது. அதாவது வருஷம் பத்து லட்சம் டாலர் சம்பளம் வாங்கறவர் மார்ச் ரெண்டாவது வாரத்துக்குள்ள கட்டி முடிச்சிட்டு மிச்ச வருஷம் ஹாயா இருப்பார், நர்ஸ் வேலை பாக்கற அக்கா டிசம்பர் 31 வரைக்கும் கட்டிட்டே இருப்பாங்க. வருஷா வருஷம் இந்த உச்சவரம்ப வெச்சுத்தான் சண்டை.

பென்ஷன் கிடைக்கணும்னா 40 கிரெடிட் வேணும், வருஷத்துக்கு அதிகபட்சம் 4, ஆக சுமாரா பத்து வருஷ வேலை. 2026ல 1,890 டாலர் சம்பாதிச்சா ஒரு கிரெடிட், அது பெரிய விஷயமில்ல. எவ்வளவு கிடைக்கும்ங்கறதுதான் கவனிக்கணும், இந்த ஃபார்முலாவுல ஒரு தத்துவமே ஒளிஞ்சிருக்கு. அதிகமா சம்பாதிச்ச 35 வருஷத்த எடுத்து, பழைய சம்பளத்தயெல்லாம் இன்னிக்கு நிலவரத்துக்கு ஏத்தி, மாசச் சராசரி போடுவாங்க. 2025 கணக்குப்படி அதுல முதல் 1,226 டாலருக்கு 90 சதவீதம், அதுக்கு மேல 7,391 வரைக்கும் 32 சதவீதம், அதுக்கும் மேலன்னா வெறும் 15. போட்டுப் பாருங்க: சராசரி 1,500 உள்ளவருக்கு 1,191 வரும், அவர் சம்பளத்துல கிட்டத்தட்ட 79 சதவீதம். 4,000 உள்ளவருக்கு 1,991, பாதி. 10,000 உள்ளவருக்கு 3,467, மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல. பணக்காரனுக்கு டாலர் கணக்குல அதிகம், ஏழைக்கு விகிதத்துல அதிகம். இன்சூரன்ஸும் இல்ல தர்மமும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. உச்சவரம்ப எடுக்கணும்கறவங்களும் கூடாதுங்கறவங்களும் இந்த நடுவுலதான் நின்னு இழுக்கறாங்க. வரி கூடுதலா வாங்கிட்டு பென்ஷனும் அதே ஃபார்முலாவுல கூட்டிக் குடுத்தா கஜானாவுக்கு மிச்சம் கம்மி, குடுக்கலைன்னா "அப்ப இது வெறும் வரிதானே"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான்.

வயசு பத்தி சீக்கிரம் சொல்லிடறேன். 1960லயும் அதுக்கப்புறமும் பிறந்தவங்களுக்கு முழுப் பென்ஷன் கிடைக்கற வயசு 67. 62லயே எடுத்தா 30 சதவீதம் குறையும், 70 வரைக்கும் பொறுத்தா வருஷத்துக்கு 8 சதவீதம்னு 24 கூடும். விலைவாசிக்கு ஏத்த மாதிரி வருஷம் ஒரு தடவை ஏத்துவாங்க, 2023க்கு 8.7 சதவீதம் ஏறிச்சு, 2026க்கு 2.8. வயசானவங்களுக்கு மட்டும்தான்னு நெனைக்காதீங்க, வேலை பாக்க முடியாம உடம்பு முடியாம போனவங்க, குடும்பத்துல சம்பாதிச்சவர் இறந்துட்டா அந்தப் புள்ளைங்க, இவங்களுக்கும் இதுலதான் வருது. எஸ்எஸ்ஐன்னு ஒண்ணு இருக்கு, வசதியில்லாத வயசானவங்களுக்கும் உடம்பு முடியாதவங்களுக்கும் குடுக்கற உதவித்தொகை, அது பேருதான் ஒத்துப் போகும், காசு இந்த வரியில இருந்து வராது, பொது கஜானாவுல இருந்து வரும். பசங்க பேசறப்ப இத ரெண்டயும் கலக்கறாங்க.

இப்ப அந்த 2033 விஷயம். மிஞ்சின வரிக் காசு சேர்ற ட்ரஸ்ட் ஃபண்டுங்கறத வீட்டுக் குதிர்னு வெச்சுக்கோங்க. வருஷா வருஷம் வயல்ல நெல் வருது, சாப்பிடறோம், மிஞ்சினா குதிர்ல போடறோம். 1983ல நெலமை மோசமாகி பணம் தட்டுப்பாடு வர்ற நேரத்துல பொருளாதார நிபுணர் கிரீன்ஸ்பான் தலைமையில ஒரு கமிஷன் உக்காந்து, ஜனாதிபதி ரீகனும் கீழ்சபையான ஹவுஸ்ல எதிர்க்கட்சி டெமாக்ராட்ஸும் ஒத்துப் போய் ஒரு சட்டம் போட்டாங்க. முழு வயச 65ல இருந்து 67க்கு மெதுவா ஏத்தினாங்க, பென்ஷனுக்கே வருமான வரி போட்டாங்க, விலைவாசிக்காக பென்ஷன ஏத்தறத ஆறு மாசம் தள்ளிப் போட்டாங்க, புதுசா சேர்ற ஃபெடரல் ஊழியர்களயும் உள்ள இழுத்தாங்க. அப்ப போருக்கப்புறம் பிறந்த பெரிய தலைமுறை வேலை பாத்துட்டு இருந்தது, வரி குவிஞ்சுது, குதிர் நிறைஞ்சுது. அந்த மிச்சப் பணத்த சட்டப்படி அமெரிக்க அரசாங்கத்தோட ஸ்பெஷல் பாண்டுலதான் போடணும், "காங்கிரஸ் திருடிட்டாங்க"ன்னு சொல்றது இதத்தான். திருட்டு இல்ல, வட்டியோட கடன், இதுவரைக்கும் ஒரு பைசா பாக்கி வெச்சதில்ல.

இப்ப அதே தலைமுறை ரிட்டயர் ஆயிட்டு இருக்கு. 1960ல ஒரு பென்ஷன்காரருக்கு அஞ்சு பேர் வேலை பாத்தாங்க, இப்ப மூணு பேர் கூட இல்ல. புள்ளை பெத்துக்கறது குறைஞ்சு போச்சு, மேல இருக்கற சம்பளக்காரங்களோட வருமானம் உச்சவரம்ப தாண்டி வேகமா ஏறுது, அதுக்கு வரி விழறதில்ல. 2021ல இருந்து வட்டியச் சேர்த்தாலும் வரவ விட செலவு அதிகம், குதிர்ல இருந்து எடுத்துச் சாப்பிடறோம். ஃபண்ட மேற்பார்வை பாக்கற ட்ரஸ்டீஸோட 2025 ஜூன் ரிப்போர்ட் 2033ல ரிட்டயர்மென்ட் குதிர் காலியாகும்னு சொல்லுது. அதுக்கு அடுத்த மாசம் ட்ரம்ப் கையெழுத்து போட்ட வரிச் சட்டத்தால பென்ஷன் மேல வர்ற வருமான வரி குறையறதால அது 2032 கடைசிக்கு நகரும்னு சோஷியல் செக்யூரிட்டியோட தலைமை கணக்காளரே எழுதிட்டார்.

குதிர் காலியானா வயல் காய்ஞ்சு போச்சுன்னு அர்த்தமா? இல்லயே. அந்த வருஷமும் கோடிக்கணக்கான பேர் வேலை பாப்பாங்க, 12.4 சதவீதம் வந்துட்டே இருக்கும். அது 77 சதவீதத்துக்குப் போதும்னு அதே ரிப்போர்ட். அதாவது 2,000 டாலர் வாங்கற பாட்டிக்கு 1,540 வரும். ஒரு பைசா வராதுங்கறது பொய், ஆனா 460 டாலர் போறது சின்ன விஷயமும் இல்ல, வாடகை மட்டும் கட்டிட்டு மருந்து வாங்காம இருக்கணும். இந்தக் குறைப்புக்கு யாரும் ஓட்டுப் போட வேண்டியதில்லைங்கறதுதான் பயங்கரம். ஃபண்ட்ல இல்லாத காசக் குடுக்க சட்டத்துல இடமில்ல, கடன் வாங்கவும் முடியாது, சும்மா இருந்தாலே தானா வெட்டு விழும்.

அப்ப ஏன் சரி பண்ணல? அமெரிக்க அரசியல்ல இத மூணாவது தண்டவாளம்னு சொல்வாங்க, சப்வேயில கரண்ட் ஓடற தண்டவாளம், தொட்டா செத்தான். 2005ல ஜனாதிபதி புஷ் இந்த வரியில ஒரு பங்க தனிப்பட்ட முதலீட்டுக் கணக்குல போடலாம்ங்கற மாதிரி ஒரு யோசனைய எடுத்துட்டு ஊர் ஊராப் போனார், அவர் கட்சிக்காரங்களே ஓட்டுக்கு எடுக்கல. இன்னொரு முட்டுக்கட்டை செனட் விதி. ரிகன்சிலியேஷன்னு சாதாரண பெரும்பான்மையில பட்ஜெட் மசோதா பாஸ் பண்ற வழி இருக்குல்ல, அதுல சோஷியல் செக்யூரிட்டியத் தொடக்கூடாதுன்னு பர்ட் ரூல் சொல்லுது. ஆக செனட்ல நூறுல 60 ஓட்டு வேணும், ரெண்டு கட்சியும் சேராம நடக்காது. "சோஷியல் செக்யூரிட்டிக்கு வரியே கிடையாது"ன்னு ட்ரம்ப் தேர்தல்ல சொன்னது 2025 சட்டத்துல 65 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு வருமான வரிக் கணக்குல 6,000 டாலர் கழிவா, அதுவும் 2028 வரைக்கும் மட்டும்னு சுருங்கினதுக்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம். கழிவும் வரியே கிடையாதுங்கறதும் ஒண்ணில்ல, இத மாத்திச் சொன்ன பசங்க நிறைய பேர்.

குடுக்கற விஷயம்னா மட்டும் ரெண்டு கட்சியும் டக்குனு கை தூக்கிடும், அதயும் சொல்லணும். வேற அரசுப் பென்ஷன் வாங்கற டீச்சர், போலீஸ்காரங்களுக்கு இருந்த குறைப்ப எடுக்கற சட்டம் 2024 டிசம்பர்ல செனட்ல 76க்கு 20னு பாஸ் ஆச்சு, 2025 ஜனவரி 5 பைடன் கையெழுத்து. பத்து வருஷத்துல சுமார் 196 பில்லியன் டாலர் கூடுதல் செலவு. குதிர் காலியாகுதுன்னு தெரிஞ்சேதான் போட்டாங்க.

வழி இல்லாம இல்ல. வரிய மட்டும் ஏத்தி அடைக்கணும்னா 12.4 உடனே 16.05 ஆகணும், நல்லா வலிக்கும். உச்சவரம்ப எடுத்தா பெரிய பங்கு அடையும், முழுசா அடையாது. வயச 69, 70னு ஏத்தலாம், ஆனா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்கறவருக்கு அது ஒண்ணும் தெரியாது, கூரை மேல ஏறி வேலை பாக்கறவர் என்ன பண்ணுவார், அதோட ஏழைங்க சீக்கிரம் போயிடறாங்க, அவங்க வாங்கற வருஷம் இன்னும் குறையும். கேசிடி, கெயின்னு கட்சிக்கு ஒருத்தரா ரெண்டு செனட்டர் 1.5 ட்ரில்லியன் டாலர் கடன் வாங்கி ஷேர்ல போட்டு வளர விடலாம்கறாங்க. வேலை பாக்கற வயசுல குடியேறி வர்றவங்க கூடினா வரி கூடும், குறைஞ்சா குறையும், அதனால இமிக்ரேஷன் கேள்வி வந்தாலும் இந்தக் கணக்க உள்ள கொண்டு வரலாம். என்னக் கேட்டா உச்சவரம்ப ஏத்தறதும் 1983 மாதிரி கொஞ்சம் கொஞ்சமா வலிய பங்கு போடறதும்தான் நடக்கும், அதுவும் கடைசி நிமிஷத்துல.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு தனி எரிச்சல் இருக்கு இதுல. எஃப் ஒன் விசாவுல ஸ்டூடண்ட்டா முதல் அஞ்சு காலண்டர் வருஷம் இந்த வரி கிடையாது, வேலை விசாவான எச் ஒன் பி ஆனதும் முதல் பே செக்குலயே 6.2 பிடிக்க ஆரம்பிச்சிடும். ஆறு வருஷம் வேலை பாத்துட்டு சென்னைக்குத் திரும்பினா 24 கிரெடிட்தான், 40 இல்ல, பென்ஷன் இல்ல, பிஎஃப் மாதிரி கட்டினத திருப்பி வாங்கவும் முடியாது. ஜெர்மனிக்காரர், ஜப்பான்காரர்னா ரெண்டு நாட்டு வருஷத்தயும் சேர்த்துக் கணக்குப் போடற ஒப்பந்தம் அவங்க நாட்டோட இருக்கு, இந்தியாவோட இல்ல, நம்ம அரசு பல வருஷமா கேட்டுட்டே இருக்கு. இத சொன்னப்ப அண்ணன் பொண்ணு நோட்ட மூடிட்டு "அப்பா எத்தனை வருஷம் கட்டியிருக்கார்?"னு கேட்டா. அண்ணன் பழைய பே ஸ்டப் எல்லாம் எடுத்து விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சார், 38 கிரெடிட் வருது.