முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: கையில் இருக்கும் பணத்தை எதில் செலவிடுவது?

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி ஓராண்டு முடிவதற்குள் அதை விற்றுவிட நினைக்கும் மாணவர்களையும் பெற்றோர்களையும், கிட்டார் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். “பையனுக்குக் கை வரலை சார், யாராவது கேட்டா கொடுத்துடுங்க” என்பார்கள். கருவியைக் கையில் வாங்கி முதல் ஃப்ரெட்டில் (விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்டுகள்) ஒரு தந்தியை அழுத்திப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். தந்திகள் விரல் பலகையிலிருந்து வெகு உயரத்தில் நிற்கும். அழுத்தினால் சுருதி மேலேறும். ஒரு பாட்டு முடிவதற்குள் ட்யூனிங் கலைந்துவிடும். நன்றாக வாசிக்கத் தெரிந்தவருக்கே விரல் நோகும் கருவி அது. அதன் குறையைத் தன் குறையாக எடுத்துக்கொண்டு, தனக்கு இசை வராது என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை முடிவுகட்டுவது மிகவும் வருத்தம் தருகிறது. அந்தக் குறைகளில் பெரும்பாலானவை சிறிது நேர வேலையில் சரியாகிவிடக் கூடியவை என்பதால் வருத்தம் இன்னும் கூடுகிறது.

கிட்டார், ஆம்ப் (ஒலிபெருக்கி), கேபிள், பை எல்லாவற்றையும் சேர்த்து 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ள வேண்டியவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வசதியுள்ளவர் தவறான கருவியை வாங்கிவிட்டால் மாற்றிக்கொள்வார். சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மொத்தப் பணத்தையும் கிட்டாரின் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான். 1,500 முதல் 2,000 ரூபாய் வரை தனியே ஒதுக்கி வையுங்கள். அது செட்டப்புக்கும் (தந்தி உயரம், கழுத்து வளைவு போன்றவற்றைச் சரிசெய்யும் வேலை) ஒரு நல்ல தந்தித் தொகுப்புக்கும் உரிய பணம். செட்டப் செய்த மலிவான கிட்டார், பெட்டியைப் பிரித்து அப்படியே வாசிக்கப்படும் அதைவிட விலை கூடிய கிட்டாரைக் காட்டிலும் கற்பவருக்கு நல்லது என்பதை என் மேசையில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

அக்கூஸ்டிக் கிட்டாரில் பழகிய பிறகுதான் எலெக்ட்ரிக் எடுக்க வேண்டும் என்ற கருத்து இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதற்கு அவசியமில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரின் மிக மெல்லிய தந்தி வழக்கமாக 0.009 அல்லது 0.010 அங்குலத் தடிமன் கொண்டது. அக்கூஸ்டிக்கில் பெரும்பாலும் 0.012 அங்குலம். புதிய விரல்களுக்கு எலெக்ட்ரிக்தான் எளிது. பிள்ளை விரும்பும் இசை எலெக்ட்ரிக்கில் இருக்குமானால் அதிலேயே தொடங்கட்டும்.

கடையில் பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது கழுத்து. ஃபெண்டர் வகைக் கிட்டார்களில் நட்டிலிருந்து (தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டு) பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்) வரையிலான தந்தியின் நீளம் 25.5 அங்குலம், அதாவது சுமார் 648 மில்லிமீட்டர். கிப்சன் வகையில் 24.75 அங்குலம். நீளம் குறைந்தால் அதே சுருதிக்குத் தந்தியின் இழுவிசையும் குறையும் என்பதால், சிறிய கைகளுக்குக் கிப்சன் அளவு சற்று இதமாக இருக்கும். எந்த நீளமாக இருந்தாலும் பன்னிரண்டாம் ஃப்ரெட் சரிபாதியில் அமைந்திருக்கும். அங்கே ஒரு சிறிய உலோக ஸ்கேலை வைத்து, ஃப்ரெட்டின் மேற்பரப்புக்கும் தடித்த தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 2 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், அதைக் குறைத்துக் காட்டுமாறு கடைக்காரரிடம் கேளுங்கள். குறைத்த பிறகு தந்திகள் ஃப்ரெட்டில் உரசி இரைந்தால், ஃப்ரெட்டுகள் சமமாக இல்லை, அல்லது கழுத்தின் வளைவு சரியில்லை என்று பொருள்.

கழுத்தின் வளைவைப் பார்ப்பதும் எளிதுதான். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டுகளின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று கவனியுங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு, சுமார் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை, இருக்கலாம். அதற்கு மேல் வளைந்திருந்தால் கழுத்தினுள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பியைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ 1923-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஆறு தந்திகளும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும் கழுத்தை எதிர்த்துப் பிடிப்பதே இதன் வேலை. திருகு துருப்பிடித்து இறுகியோ முனை தேய்ந்தோ போயிருக்கும் கிட்டாரை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். மற்ற பல பழுதுகளைக் குறைந்த செலவில் சரிசெய்துவிடலாம்; இது ஒன்று கிட்டாரின் விலையையே விழுங்கிவிடும்.

மலிவான கருவிகளில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் குறை நட்டில்தான். தந்திகள் தலைப்பகுதிக்குத் திரும்பும் இடத்தில் இருக்கும் அந்தச் சிறு துண்டில் பள்ளங்களை ஆழமாக அறுக்க நேரமும் கவனமும் தேவைப்படுவதால், ஆலையில் அவற்றை மேலோட்டமாக அறுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதன் விளைவு தொடக்க மாணவரை நேரடியாகத் தாக்குகிறது. அவர் கற்கும் முதல் கார்டுகள் (பல தந்திகளை ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) எல்லாம் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில்தான் இருக்கின்றன. நட் உயரமாக இருக்கும்போது அங்கே தந்தியை அதிகம் அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்த அழுத்த அது இழுபட்டுச் சுருதி ஏறுகிறது, ட்யூனர் எல்லாம் சரி என்று காட்டினாலும் கார்டு அபஸ்வரமாகவே ஒலிக்கிறது. இதைச் சோதிக்க, மூன்றாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை அளவுதான் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் வாங்கக் கூடாது என்பதில்லை, தெரிந்தவரிடம் கொடுத்துச் சரியான அரத்தால் அறுத்துக்கொள்ளலாம். ஒதுக்கி வைக்கச் சொன்ன பணம் இதற்கும் சேர்த்துத்தான்.

பிறகு, ஒவ்வொரு தந்தியையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசி ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டிப் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். எங்காவது ஒலி மடிந்துபோனால் அந்த இடத்தை அடுத்து ஒரு ஃப்ரெட் தூக்கியிருக்கக் கூடும். கழுத்தின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையைத் தேய்த்து, ஃப்ரெட் முனைகள் குத்துகின்றனவா என்றும் பாருங்கள். உங்கள் கைபேசியில் இலவச ட்யூனர் செயலி ஒன்றை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், திறந்த தந்தியும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய அதே தந்தியும் ஒரே ஸ்வரத்தைக் காட்டுகின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடலாம். சிறு வேறுபாடு பிரிட்ஜில் தந்தி அமரும் சேடில் என்ற சிறு துண்டை முன்பின் நகர்த்தினால் சரியாகும். சேடில் எல்லைவரை நகர்ந்தும் சரியாகவில்லை என்றால் பிரிட்ஜ் தவறான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள்.

பிரிட்ஜ் விஷயத்தில் என் பரிந்துரை உறுதியானது. முதல் கிட்டார், அதிலும் குறைந்த விலைக் கிட்டார், அசையாத பிரிட்ஜ் கொண்டதாக இருக்கட்டும். ஃப்ளாய்ட் ரோஸ் வகை மிதக்கும் ட்ரெமலோ (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) நல்ல எஃகில் துல்லியமாகச் செய்யப்பட்டால் அருமையான சாதனம். மலிவான நகலில் அதன் முனைகள் விரைவில் தேய்ந்துவிடும், ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி மாறிவிடும், புதிய தந்தி மாற்றுவதே மாணவருக்கு ஒரு மாலைப் பொழுதின் வேலையாகிவிடும். 1950-களின் தொடக்கத்திலிருந்து பெரிய மாற்றமின்றி வரும் டெலிகாஸ்டர் வடிவம், இரண்டு பிக்கப்பும் அசையாத பிரிட்ஜுமாக, கெட்டுப்போவதற்கு அதிகம் எதுவும் இல்லாத கருவி. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம்தான் பிடிக்கிறது என்றால் அதையே வாங்குங்கள். அதன் பிரிட்ஜ் அசையும் வகை என்பதால், பின்புறத்தில் உள்ள ஸ்பிரிங்குகளை இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு படிந்து நிற்கும்படி செட்டப் செய்பவரிடம் கேட்டுக்கொண்டால் போதும்.

பிக்கப்பைப் பற்றிக் கடைகளில் நிறையப் பேசுவார்கள். காந்தத்தின் மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், எஃகுத் தந்தியின் அதிர்வை மின் அலையாக மாற்றுகிறது, அவ்வளவுதான். ஒற்றைச் சுருள் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்க 1955-இல் கிப்சனின் சேத் லவர் இரு சுருள்களை எதிரெதிராக அமைத்து உருவாக்கியதுதான் ஹம்பக்கர். இரைச்சலான ராக், மெட்டல் இசை விருப்பமென்றால் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு ஹம்பக்கர் இருப்பது உதவும். இதற்கு மேல் முதல் கிட்டாரில் யோசிக்கத் தேவையில்லை. பிக்கப்பைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம்.

மரத்துக்காகவும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஈட்டி மரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள் அனைத்துக்கும் 2017 ஜனவரியில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்தபோது, பல நிறுவனங்கள் விரல் பலகைக்கு வேறு மரங்களைத் தேடின. நம் காடுகளில் வளரும் கருமருதும் அவற்றில் ஒன்று. இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளிக்கப்பட்ட பிறகும் மலிவு வரிசைகளில் அந்த மரங்கள் தொடர்கின்றன. அதைக் குறையாகச் சொல்லி விலை கூடிய மாடலுக்குத் தள்ளுபவரை நம்ப வேண்டாம்.

பெயரைப் பொறுத்தவரை, ஸ்குயர் என்பது ஃபெண்டரின் மலிவு வரிசை. எபிஃபோன் 1957 முதல் கிப்சனைச் சார்ந்தது. யமஹாவின் பசிஃபிகா 012, ஐபனெஸின் ஜியோ வரிசை ஆகியவையும் தொடக்க மாணவர்களுக்கென்றே செய்யப்படுபவை. பழைய கருவியாகத் தேடினால் இந்த விலைக்குள்ளேயே கிடைக்கக் கூடும். இந்தியச் சந்தைக்கான இன்னும் மலிவான பெயர்களிலும் நல்ல கருவிகள் கிடைக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று தரம் மாறும். அதனால் அவற்றை நேரில் சோதிக்காமல் வாங்குவது சரியல்ல. ஆன்லைனில் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள். பழைய கிட்டார் வாங்கும்போது கூடுதலாகத் தலைப்பகுதியும் கழுத்தும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சாய்ந்த தலை கொண்ட கிப்சன் வகைகள் கீழே விழுந்தால் அங்கேதான் முறியும், ஒட்டி வண்ணம் பூசி விற்பதும் நடக்கிறது. புகழ்பெற்ற பெயர் பொறித்த கிட்டார் நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் அது போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆம்ப். அறையில் பழக 10 வாட் போதும். அண்டை வீட்டாரை நினைத்துத் தயங்கும் அடுக்குமாடிக் குடும்பங்களுக்குக் கிட்டாரிலேயே செருகும் ஹெட்ஃபோன் ஆம்ப் நல்ல, மலிவான வழி. வீட்டிலுள்ள ஹோம் தியேட்டரில் நேராகச் செருகிப் பார்ப்பது பலரும் செய்யும் முயற்சி. பிக்கப் எதிர்பார்க்கும் உள்ளீட்டு எதிர்ப்பு 1 மெகா ஓம் அளவில் இருக்க, அவற்றில் அது மிகக் குறைவு என்பதால் ஒலி மந்தமாகவும் மங்கலாகவும்தான் வரும். கிட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆம்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி பாதுகாப்பு. கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாகக் கேபிளின் வெளியுறையோடும், அது ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடும், அது மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளின் வழியாக வீட்டு எர்த்தோடும் இணைந்திருக்கின்றன. பழைய வீடுகள் பலவற்றில் சாக்கெட்டில் மூன்று துளைகள் இருந்தாலும் எர்த் கம்பி இணைக்கப்பட்டிருப்பதில்லை. அந்நிலையில் ஆம்ப்பில் ஏற்படும் கசிவு தரைக்குப் போக வாசிப்பவரின் உடலையே வழியாக்கிக்கொள்ளும். தந்தியைத் தொடும்போது சுரீர் என்று உணர்வதாக யாராவது சொன்னால், வாசிப்பதை அந்த நொடியே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். இரைச்சல் குறைகிறது என்பதற்காக எர்த் முள்ளை வெட்டுவதும், இரண்டு முள் மாற்றியில் செருகுவதும் உயிரோடு விளையாடுவது. ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கிட்டாரைவிட முன்னதாக அதற்குச் செலவிடுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று வாசிக்க வேண்டாம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது தந்திகள். கடையில் மாதக்கணக்கில் தொங்கிய கிட்டாரின் தந்திகள் பெரும்பாலும் துருவேறியே இருக்கும். அவற்றை முதல் நாளே மாற்றுங்கள். தொடக்கத்துக்கு 0.009 முதல் 0.042 அங்குலம் வரையிலான, ‘9–42’ எனப்படும் தொகுப்பு ஏற்றது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து தந்தியை வேகமாக அரிக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைக்க வேண்டும். வாரக்கணக்கில் வாசிக்காமல் வைப்பதென்றால் பையில் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். புதிய கிட்டாரின் கழுத்து முதல் ஆண்டில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே சற்று அசையக் கூடும். திடீரென்று தந்திகள் உயர்ந்துவிட்டதாகவோ இரைவதாகவோ தோன்றினால், ட்ரஸ் ராடை நீங்களே திருகாமல், முதலில் செட்டப் செய்தவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.