பழைய திரைச்சீலையில் இலைகள் ஏன் நீலமாகின்றன?

இங்கிலாந்தின் பழைய வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஜன்னலில் தொங்கும் நெய்த திரைச்சீலைகளில் சில சமயம் இலையும் கொடியும் நீலமாக இருக்கும். நெய்தபோது அவை பச்சைதான். அன்றைய சாயக்காரர்கள் அவுரியில் நீலம் ஏற்றி, அதன்மேல் வெல்ட் என்ற செடியின் மஞ்சளைப் படிகாரத்தோடு ஏற்றிப் பச்சையை வரவழைத்தார்கள். வெளிச்சம் பட்டால் முதலில் சிதைவது மஞ்சள் மூலக்கூறுதான், அவுரி அதைவிட நெடுநாள் தாங்கும் என்பதால் கடைசியில் நீலம் மட்டும் மிஞ்சுகிறது. அசல் நிறம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? வெயில் படாத உள்மடிப்பைப் பாருங்கள்.

நிறம் போவதையாவது பொறுத்துக்கொள்ளலாம், நூலே போவதுதான் கொடுமை. பட்டு என்பது ஃபைப்ராயின் என்ற புரதத்தின் நீண்ட சங்கிலி. புற ஊதாக் கதிர் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. துணி மஞ்சளடித்து, மொடமொடவென்று ஆகி, ஒருநாள் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் கிழிகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பட்டு என்றால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பட்டு நூலைக் காய்ச்சிப் பிசினை நீக்கும்போது எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும், பட்டோ எடைக்கு விற்கிற சரக்கு, அதனால் வெள்ளீய உப்புக் கரைசலில் முக்கி இழந்த எடையை ஈடுகட்டினார்கள், சிலர் அதற்கு மேலும் ஏற்றினார்கள். துணி கனமாக, அழகாக விழும். ஆனால் அந்த உப்பே ஒளிச்சிதைவை விரைவுபடுத்தி, துணியை நேர்நேர் கீறல்களாகப் பிளக்க வைக்கிறது. வாங்கியவர்களுக்கு இது பெரிய அநியாயம் என்றுதான் சொல்வேன்.

வெளிச்சம் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரையைக் கழற்றி இருட்டில் வைத்தாலும் போனது திரும்பாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், அருங்காட்சியகங்கள் பழந்துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் அனுமதிக்கின்றன. நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அதாவது ஒரு மணி நேர வெயில், அருங்காட்சியகத்தின் 2,000 மணி நேரத்துக்குச் சமம், அதுவும் புற ஊதாவின் கூடுதல் சேதத்தைக் கணக்கில் சேர்க்காமலே!

சரி, வீட்டில் இப்படி ஒன்று இருந்தால்? தயவுசெய்து துவைக்காதீர்கள், நலிந்த இழை நீரின் கனத்திலேயே அறுந்துவிடும். வலைத்துணியை மேலே விரித்து மெல்லிய உறிஞ்சலில் தூசி எடுத்தால் போதும். ஜன்னல் கண்ணாடிக்குப் புற ஊதா தடுக்கும் படலம் ஒட்டுங்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைத் தின்னும் என்பதால் திரைக்குப் பின்னால் பருத்தி உள்துணி ஒன்றும் அவசியம். அது வெயிலில் நைந்து போனால் போகட்டும், புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளலாம்.