சிரப் கொடுத்துக் காப்பகத்துக்கு அனுப்பாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் குழந்தை மருத்துவரிடம் வரும் கதை ஒன்றுதான். காலை ஏழு மணிக்குக் காய்ச்சல் சிரப், எட்டரைக்குப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம், பன்னிரண்டு மணிக்கு "உடம்பு கொதிக்குது" என்று போன். பாராசிட்டமால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான் தாங்கும். எத்தனை முறை சொல்வது! ஏன் அனுப்பினீர்கள் என்றால், "மாசப் பணம் கட்டியாச்சே டாக்டர், வீணாப் போகுமே" என்கிறார்கள்.

வந்த நாளுக்குத்தான் கட்டணம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். நீங்கள் கட்டுவது குழந்தைக்கு ஒதுக்கிய இடத்துக்கு. பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் அம்மை போட்டு வீட்டில் இருந்தாலும், மீதி ஏழு பேரைப் பார்க்க அதே இரண்டு ஆயாக்கள் வேண்டும்; வாடகையும் அதேதான். மூன்று பேர் பணத்தையும் கழித்தால் துண்டு விழுவது ஆயா சம்பளத்தில். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. வராத நாளுக்கெல்லாம் பணம் கழிக்கும் காப்பகம், காய்ச்சல் குழந்தையை வாசலில் திருப்பி அனுப்பத் தயங்கும். அந்தக் குழந்தை படுப்பது உங்கள் குழந்தையின் பாய்க்குப் பக்கத்தில்.

முழுப் பணமும் எப்போதும் நியாயம் என்று சொல்லவில்லை. சாப்பாடு, பால், வேன் செலவு மிச்சமாகும். அதைக் கழிக்கக் கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் பாதிக் கட்டணத்தில் இடத்தை வைத்திருக்கச் சொல்லலாம். காப்பகமே மூடிக்கொண்ட நாளுக்குப் பணம் வாங்குவது முறையல்ல. எல்லாவற்றையும் சேர்க்கும் அன்றே பேசி எழுதி வாங்குங்கள், காய்ச்சல் வந்த காலையில் வாசலில் நின்று அல்ல. வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் நீங்கள் லீவு போட்ட நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

எப்போது திரும்ப அனுப்பலாம்? மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை. காலையில் சிரப் கொடுத்ததை மறைத்து அனுப்புவது ஆபத்து. ஆயா மறுபடியும் கொடுத்துவிடுவார். கடையில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. பாட்டிலைப் படித்துப் பாருங்கள். ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. போதும்.

அங்கன்வாடிக்குக் கட்டணமே கிடையாது. அங்கேயும் காய்ச்சலோடு பிள்ளைகள் வருகிறார்கள். தாளடி நடவு நேரத்தில் ஒரு நாள் கூலியை விட முடியாத தாயைத் திட்ட எனக்கு மனம் வராது. அப்பாக்களிடம்தான் கேட்கிறேன்: முதல் நாள் குழந்தையின் அம்மா வீட்டில் இருந்தால் இரண்டாம் நாள் நீங்கள் லீவு போடுங்கள். மூன்றாம் நாளுக்கு அம்மாச்சியையோ அத்தையையோ மழை தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.