பாஸ்புக் இருக்கிற பேங்குக்கே பணம் வரும் என்று யார் சொன்னது?

"என் பேரை வெட்டிப் போட்டாங்களாட்டம் இருக்குதுங்க மேடம்" என்றபடி போன செவ்வாய்க்கிழமை ஓர் அம்மா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். கேரள எல்லையில் கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் அறுபது சென்ட் மானாவாரிக் காடு வைத்திருப்பவர். விவசாயிகளுக்கு மத்திய அரசு நான்கு மாதத்துக்கு ஒருமுறை போடும் பி.எம். கிசான் பணம் ஐந்து தவணையாக வரவில்லை. வேளாண்மை ஆபீஸுக்கு மூன்று நடை, வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு இரண்டு நடை நடந்திருக்கிறார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போனது.

பணம் நிற்கவே இல்லை. ஐந்து தவணையும், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பேங்கில் அவர் பெயரிலேயே இருக்கும் இன்னொரு கணக்குக்குப் போயிருக்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தபோது, கூலி போடுவதற்கென்று மேஸ்திரி எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துக் கைரேகை வாங்கித் திறந்த கணக்கு அது. மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. அப்படியொரு கணக்கு இருப்பதையே இவர் மறந்துவிட்டார்.

இந்த வருஷம் இதே கதையோடு வந்தவர்களில் இவர் பதினோராவது ஆள். பொள்ளாச்சிப் பக்கக் கிராமங்களில் பதினான்கு வருஷமாக நிதிக் கல்வி ஆலோசகராக இருக்கிறேன். இன்னும் எத்தனை பேருக்குத்தான் ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

"எந்த பேங்க் பாஸ்புக் என்கிட்ட இருக்குதோ, அந்த பேங்குக்குத்தான் பணம் வரும்." இது தப்பு. விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினீர்கள் என்பது ஆதார் வழிப் பட்டுவாடாவில் செல்லாது. பணம் உங்கள் ஆதார் எண்ணைத் தேடித்தான் புறப்படுகிறது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. எந்த ஆதாருக்கு எந்த பேங்க் என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. அதில் ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு பேங்குக்குத்தான் இடம். கடைசியாக எந்த பேங்க் உங்கள் பெயரை அதில் ஏற்றியதோ, அங்கேதான் எல்லாம் போகும். தபால்காரருக்குக் கடைசியாகக் கொடுத்த விலாசம் மாதிரி. பழைய வீட்டுச் சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது என்பதற்காகத் தபால் அங்கே வராது.

"ஆனா எங்க பேங்க்ல ஆதார் லிங்க் ஆயிருச்சுன்னு சொன்னாங்களே?" சொல்லியிருப்பார்கள், அதுவும் உண்மைதான். நீங்கள் இன்னார் என்று காட்ட ஆதாரைக் கொடுப்பது ஒன்று. உதவித்தொகை இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று சம்மதம் கொடுப்பது வேறு. முதலாவதைப் பத்து பேங்கில் செய்யலாம். இரண்டாவது ஒரு பேங்கில்தான் நிற்கும். கவுன்ட்டரில் இருப்பவர்கள் இரண்டையும் 'லிங்க்' என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். இதில் என் துறைக்காரர்கள் பேரிலும் குற்றம் இருக்கிறது.

எல்லைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதல். ரேஷன் கார்டு ஒரு பக்கம், வேலை மறு பக்கம். நார் மில்லுக்கு ஒரு கணக்கு, சூளைக்கு ஒரு கணக்கு, குழுக் கடனுக்கு ஒரு கணக்கு. வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வழியாகத் தினமும் வேலைக்குப் போய்வரும் குடும்பங்களில் ஆளுக்கு மூன்று பாஸ்புக் சாதாரணம். நூறு நாள் வேலைக் கூலிக்கும் 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பட்டுவாடா கட்டாயமாகிவிட்டது. புதுக் கணக்குப் படிவத்தில் அந்தச் சம்மதத்துக்கு விழுந்த ஒரு டிக், இத்தனையையும் மொத்தமாகத் திருப்பிவிடும்.

இரண்டாயிரம் ரூபாய் தவணைக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அம்மாவின் கணக்கைப் பாருங்கள். முதல் தவணை வராத மாதம் மகளின் படிப்புக்காக அஞ்சு வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கினார். மாதம் 250 ரூபாய் வட்டி. ஐந்து தவணை என்றால் இருபது மாதம். வட்டி மட்டுமே 5,000 ரூபாய் கட்டிவிட்டார், முதல் அப்படியே நிற்கிறது. அவருடைய சொந்தப் பணம் 10,000 ரூபாய் அந்த இருபது மாதத்தில் தவணை தவணையாக எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பேங்கில் சேர்ந்து கிடந்தது.

ஏழை வீட்டில் இந்தப் பணத்தின் பலம் அதன் தேதியில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் தொடங்கிய பிறகு, எங்கள் பக்கத்து மளிகைக் கடைக்காரர்கள் பெண்கள் பேரில் தனி நோட்டுப் போட்டார்கள். பதினைந்தாம் தேதி வரும் என்று தெரிவதால் கடன் கொடுக்கிறார்கள். அரிசி, மாத்திரை, குழுத் தவணை எல்லாம் அந்தத் தேதியைச் சுற்றியே ஓடுகின்றன. அந்தப் பக்கம் கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் வயதானவர்களின் பென்ஷனைக் கூட்டுறவுச் சங்கத்து ஆட்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது உண்டு. 2025 நவம்பரில் அது 1,600 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. அதற்கு முன்பு அது மாதக்கணக்கில் நிலுவையில் நின்ற காலத்தில், சுருக்குப் பையில் மாத்திரைக் காசு வைத்திருந்த பாட்டிமார்கள் மகனிடம் கை நீட்டியதைப் பார்த்தேன்.

"கையில காசு குடுத்தா குடிச்சே அழிச்சுருவாங்க" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாடுகளிலிருந்து 19 ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் வெளியிட்ட கட்டுரையைப் படியுங்கள்: இத்தகைய பணத்தால் குடிச்செலவு கூடியதாகப் பொதுவாகத் தெரியவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2011இல் பெண் தொழிலாளர்களின் சேவா அமைப்பு யுனிசெஃப் உதவியோடு சில கிராமங்களில் எல்லோருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தது. அங்கே சாப்பாடும் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் மேம்பட்டன, கடன் குறைந்தது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பணம் ஒரு தவணை வராவிட்டால் உடனே பாருங்கள், ஐந்து தவணை காத்திருக்காதீர்கள். ஆதார் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' என்ற இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டால் எந்த பேங்க் என்று பெயரோடு காட்டும். அதற்கு ஆதாரில் பதிந்த செல்போன் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். மகன் எப்போதோ தூக்கிப்போட்ட சிம் எண்ணை இன்னும் ஆதாரில் வைத்திருந்தால் இன்றைக்கே போய் மாற்றுங்கள். வேண்டிய பேங்குக்குப் போய், "உதவித்தொகை இந்தக் கணக்குக்கு வரணும்" என்று வாயால் சொல்லி, சம்மதப் படிவம் எழுதிக் கொடுங்கள். 'லிங்க் பண்ணுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். பி.எம். கிசானில் ஆதார் வழியாக ஆளைச் சரிபார்க்கும் இ-கேஒய்சி முடிக்காவிட்டாலும் பணம் நிற்கும். நார் மில்லில் ரேகை தேய்ந்தவர்கள் அதன் செயலியில் முகத்தைக் காட்டியே அதை முடிக்கலாம்.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் கடையில் ஆயிரத்துக்கு இருபது ரூபாய் பிடித்தால் கொடுக்காதீர்கள், அது உங்களிடம் வாங்கக் கூடாத காசு. "ரேகை விழலை, இன்னொருக்கா வைங்க" என்றால், முதல் தடவை தோற்றதற்குச் சீட்டு எங்கே என்று கேளுங்கள். பணம் களவு போனது தெரிந்தால் அந்த நிமிஷமே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள்.

மேஸ்திரிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆட்களுக்குக் கணக்குத் திறக்கும்போது அந்த ஒரு டிக்கைப் போடும் முன்பு அவர்களிடம் கேளுங்கள். பத்து விநாடி ஆகாது.

அந்த அம்மாவின் இணைப்பை இங்கே மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று. அந்தப் பக்கத்துக் கணக்கில் கிடக்கும் பணத்தை எடுக்க, வருகிற வியாழக்கிழமை அவரோடு நானும் கொழிஞ்சாம்பாறைக்குப் போகிறேன். ஐயாயிரம் அன்றைக்கே வட்டிக்காரருக்குப் போய்விடும்.