ஸ்பில்: நாற்காலியைக் காலியாக்கும் சொல்

2015 பிப்ரவரி 9, திங்கட்கிழமை காலை. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், ஆளும் லிபரல் கட்சியின் எம்.பி.க்களும் செனட்டர்களும் மூடிய கதவுக்குள் ஒரு ரகசிய வாக்கெடுப்பு நடத்தினார்கள். பிரதமர் டோனி அபோட்டை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஆனாலும் 39 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர் பக்கம் விழுந்தவை 61. அபோட் தப்பினார். அதுவும் ஏழு மாதத்துக்குத்தான்.

எதிரில் ஆளே இல்லாதபோது அந்த 39 பேர் யாருக்கு வாக்களித்தார்கள்? காலி நாற்காலிக்கு. இது புரிந்துவிட்டால் 'ஸ்பில்' என்ற சொல் பாதி புரிந்துவிடும்.

ஒரு கட்சியின் எம்.பி.க்கள் கூடி, தங்கள் தலைவர் பதவி காலியாகிவிட்டது என்று அறிவித்து, அதை மறுதேர்வுக்கு விடுவதைத்தான் ஆஸ்திரேலியாவில் ஸ்பில் என்கிறார்கள். இதில் இரண்டு படி உண்டு. முதலில், பதவியைக் காலியாக்கலாமா என்ற தீர்மானம். அது நிறைவேறினால்தான் இரண்டாவது படியான போட்டி. பதவி போன தலைவரும் அதில் மறுபடி நிற்கலாம். மூன்று பேர் நின்றால், கடைசியாக வந்தவரை நீக்கிவிட்டு மீண்டும் வாக்கெடுப்பார்கள். சில நேரம் தலைவரே முந்திக்கொண்டு பதவியைக் காலியென்று அறிவித்துவிடுவார். 2018 ஆகஸ்ட் 21 அன்று லிபரல் பிரதமர் மால்கம் டர்ன்புல் செய்தது அதுதான். பொதுத்தேர்தலில் தோற்ற பிறகு வழக்கமாக நடக்கும் தலைவர் தேர்வை ஸ்பில் என்று சொல்லக்கூடாது. 2025 மே மாதம் சூசன் லே, ஆங்கஸ் டெய்லரை 29-க்கு 25 என்று வென்று லிபரல் கட்சியின் முதல் பெண் தலைவரானது அப்படிப்பட்ட தேர்வு.

'தலைவர்' என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். கட்சித் தலைவர் என்றதும் நமக்கு மாவட்டச் செயலாளர்களையும் பொதுக்குழுவையும் கையில் வைத்திருக்கும் ஒருவர் நினைவுக்கு வருவார். ஆஸ்திரேலியாவில் கட்சி அமைப்புக்குத் தனியாக ஒரு தலைவர் இருக்கிறார். ஸ்பில்லில் ஆட்டம் காண்பவர் நாடாளுமன்றக் கட்சித் தலைவர். அந்தக் கட்சி ஆட்சியில் இருந்தால் அவர்தான் பிரதமர். ஏறக்குறைய நூறு பேர் ஒரு காலைப் பொழுதில் கூடி நாட்டின் பிரதமரை மாற்றிவிட முடிவது இதனால்தான்.

சொல்லின் வேருக்கு வருவோம். இன்று ஸ்பில் என்றால் பால் கொட்டுவதும் தண்ணீர் சிந்துவதும்தான். பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் அழித்தல், கொல்லுதல், வீணாக்குதல். இரத்தம் சிந்துவதைக் குறிக்கப் பயன்பட்டு, பதினான்காம் நூற்றாண்டில் எந்தத் திரவம் சிந்தினாலும் ஸ்பில் என்றாயிற்று. குதிரையிலிருந்து ஆள் தூக்கியெறியப்படுவதற்கும் பிறகு இதே சொல் வந்தது. கட்சிப் பதவிகளைக் காலியாக்கும் பொருள் ஆஸ்திரேலியாவுக்கே உரிய வழக்கு. பாத்திரத்தைக் கவிழ்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் அல்லவா? அதுபோலப் பதவிகளைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவது என்ற படம்தான் இதில் தெரிகிறது. ஆனால் இந்தச் சொல் பழைய பொருளையும் முழுக்க விட்டுவிடவில்லை என்பது என் எண்ணம். பல ஸ்பில்களில் யாரோ ஒருவரின் அரசியல் வாழ்க்கை முடிந்துபோகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'நம்பிக்கையில்லாத் தீர்மானம்' என்று எழுதுவது தவறு. அது அவையில் அரசுக்கு எதிராக வருவது. அதில் அரசு தோற்றால் ஆட்சியே போய்விடும். ஸ்பில் கட்சிக்குள் நடப்பது. அரசு அப்படியே இருக்க, ஆள் மட்டும் மாறுவார். கட்சிக்குள்ளேயே நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்த கதையும் உண்டு. 1971 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் மால்கம் ஃபிரேசர் பதவி விலகி, பிரதமர் ஜான் கோர்ட்டனைக் கடுமையாகச் சாடினார். லிபரல் எம்.பி.க்கள் கூடி கோர்ட்டன் மீது நம்பிக்கை இருக்கிறதா என்று வாக்கெடுத்தார்கள். 33-க்கு 33. சமமாக வந்தால் அது நம்பிக்கை ஆகாது என்று சொல்லி கோர்ட்டன் தானே விலகிக்கொண்டார். வில்லியம் மக்மேன் பிரதமரானார். அதே கூட்டத்தில் கோர்ட்டன் துணைத் தலைவராகத் தேர்வானதையும் சொல்ல வேண்டும். அங்கே கேட்கப்பட்டது 'உங்களை நம்புகிறோமா' என்ற கேள்வி. ஸ்பில்லில் கேட்பது 'இந்த இடத்தைக் காலியாக்கலாமா' என்று. இரண்டும் வேறு.

'தலைமைக் கவிழ்ப்பு' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கவிழ்ப்பு என்றால் கவிழ்ந்து முடிந்தது என்றாகிவிடும். 2015 பிப்ரவரியில் ஸ்பில் தீர்மானம் வந்தது, அபோட் கவிழவில்லை. தோற்ற முயற்சிக்கும் பொருந்துகிற சொல்தான் நமக்கு வேண்டும். 'தலைமைப் போட்டி'யும் சரிவராது. காலி நாற்காலியுடன் என்ன போட்டி? 'பதவி வெற்றிடமாக்கல்' பொருளில் துல்லியம்தான். ஆனால் வானொலிச் செய்தியில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், நாக்கு தடுமாறும்.

நான் முன்வைக்கும் சொல் 'தலைமைக் கலைப்பு'. சட்டமன்றத்தைக் கலைக்கிறார்கள், பிறகு தேர்தல் வருகிறது. கலைந்த அவையில் இருந்தவர்களே திரும்ப ஜெயித்து வரலாம், வராமலும் போகலாம். ஸ்பில்லின் இரண்டு படியும் இதில் அப்படியே வந்துவிடுகிறது. சீட்டாட்டத்தில் சீட்டைக் கலைத்துப் போடுவதும் இதே வினைதான். அதே ஐம்பத்திரண்டு சீட்டு, புதிய வரிசை. தீர்மானத்தைச் சொல்லும்போது 'தலைமைக் கலைப்புத் தீர்மானம்' என்று நீட்டிக்கொள்ளலாம்.

இதை என் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவரிடம் சொன்னபோது அவர் உடனே, "ஓம் தம்பி, ஆளைக் கலைச்சுப் போட்டினம் எண்டுதானே சொல்லுறீர்" என்றார். ஈழத்துப் பேச்சில் கலைத்தல் என்றால் துரத்துதல். நாயைக் கலைப்பார்கள், ஆடு மாட்டைக் கலைப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஆஸ்திரேலியத் தமிழர்களில் பலர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் காதில் இந்தச் சொல் கலைப்பாகவும் துரத்தலாகவும் சேர்ந்தே விழும். இரண்டும் நடந்த செய்தியைச் சொல்ல இதைவிட நல்ல சொல் எங்கே கிடைக்கும்?

அப்புறம், இந்தச் சொல் ஏன் இத்தனை முறை தேவைப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய மக்களவையின் ஆயுள் மூன்றே ஆண்டு. நியூஸ்போல் என்ற கருத்துக்கணிப்பு அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். தலைவர் மக்களிடம் பெயரைக் கெடுத்துக்கொண்டால், குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்த பின்வரிசை எம்.பி.க்களுக்குத்தான் முதலில் தூக்கம் போகும். அவர்கள் தொகுதியைக் காப்பாற்றத் தலைவரை மாற்றத் துணிவார்கள். நான்கு தேர்தல்களை ஜெயித்துக் கொடுத்த பிரதமர் பாப் ஹாக்கையே, இன்னொரு பெரிய கட்சியான லேபர் கட்சி விட்டுவைக்கவில்லை. 1991 ஜூனில் பால் கீட்டிங் மோதி 66-க்கு 44 என்று தோற்றார். அதே டிசம்பரில் மறுபடி மோதி 56-க்கு 51 என்று ஜெயித்துப் பிரதமரானார்.

2010 ஜூன் 24 அன்று லேபர் பிரதமர் கெவின் ரட் விலகி ஜூலியா கில்லார்ட் போட்டியின்றி வந்தது பலருக்கு நினைவிருக்கும். ரட்டுக்கு அது முதல் ஆட்சிக்காலம்; வாக்கெடுப்புக்குப் போனால் படுதோல்வி என்று தெரிந்ததும் ஒதுங்கிக்கொண்டார். 2012 பிப்ரவரியில் திரும்ப மோதி 71-க்கு 31 என்று தோற்றார். 2013 ஜூன் 26 அன்று 57-க்கு 45 என்று ஜெயித்து அதே நாற்காலிக்குத் திரும்பினார். மூன்று ஆண்டு நீண்ட ஒரே சண்டை அது. நாட்டின் முதல் பெண் பிரதமரின் ஆட்சிக்காலம் முழுவதும் அந்தச் சண்டைக்குள்ளேயே கழிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

லிபரல் கட்சியில் டர்ன்புல்லின் கதை இன்னும் வலி மிகுந்தது. 2009 டிசம்பர் 1 அன்று, கரியமில வாயு வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் திட்டத்தில் லேபர் அரசுக்கு ஆதரவு தந்ததற்காக, அபோட்டிடம் 42-க்கு 41 என்று ஒரே வாக்கில் தலைமையை இழந்தார். செல்லாத வாக்கு ஒன்றும் இருந்தது. 2015 செப்டம்பர் 14 அன்று அவர் திரும்பி வந்து அபோட்டை 54-க்கு 44 என்று வீழ்த்திப் பிரதமரானார். அப்போது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, தொடர்ந்து 30 நியூஸ்போல்களில் பின்தங்கிவிட்டோம் என்பது. அந்த அளவுகோல் அவரிடமே திரும்பி வந்தது. 2018 ஏப்ரலில் அவரும் முப்பதாவது நியூஸ்போலில் பின்தங்கினார். ஆகஸ்டில் எரிசக்திக் கொள்கையில் கட்சி மறுபடி பிளந்தது. 21ஆம் தேதி உள்துறை அமைச்சர் பீட்டர் டட்டனை 48-க்கு 35 என்று வென்றும் நெருக்கடி தீரவில்லை. இன்னொரு கூட்டம் வேண்டுமென்றால் 43 பேர் கையெழுத்திட்ட மனு வேண்டும் என்றார் டர்ன்புல். 43ஆவது கையெழுத்தைப் போட்ட எம்.பி. வாரன் என்ச், பக்கத்தில் 'பிரெண்டன் நெல்சனுக்காக' என்று எழுதினார். 2008-இல் டர்ன்புல் தலைமையைப் பறித்தது நெல்சனிடமிருந்து. பத்து ஆண்டு ஒருவர் மனதில் கிடந்த கணக்கு அது. 24ஆம் தேதி கலைப்புத் தீர்மானம் 45-க்கு 40 என்று நிறைவேறியது. டர்ன்புல் போட்டியிடவில்லை. ஸ்காட் மொரிசன் டட்டனை அதே 45-க்கு 40 என்று வென்று பிரதமரானார்.

இந்தப் பிளவுகளைச் சொல்ல நம்மிடம் தயாராக ஒரு சொல் இருக்கிறது: கோஷ்டி. வடமொழியில் அது கூடிப் பேசும் சபை. பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர்கள் இன்றும் கோஷ்டிதான். அரசியலில் மட்டும் அது வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் லேபர் கட்சியில் வலதும் இடதும் ஒளிவுமறைவான கும்பல்கள் இல்லை. அவற்றுக்கு அமைப்பாளர்கள் உண்டு, அமைச்சர் இடங்களைப் பங்கிடுவதில் வெளிப்படையான பங்கும் உண்டு. அவற்றை 'வலது அணி', 'இடது அணி' என்பதே நியாயம். லிபரல் கட்சியில் அவ்வளவு கட்டுக்கோப்பு கிடையாது. மிதவாதிகள், பழமைவாதிகள் என்று எழுதினால் போதும்.

ஓயாத கலைப்புகளைக் கண்டு கட்சிகளே வேலி போட்டுக்கொண்டன. 2013 ஜூலையில் லேபர் கட்சி விதியை மாற்றியது. பதவியிலிருக்கும் பிரதமரை நீக்க எம்.பி.க்களில் 75 சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும், எதிர்க்கட்சித் தலைவர் என்றால் 60 சதவீதம். தலைவர் தேர்வில் சாதாரண உறுப்பினர்களுக்கும் பாதி எடை கிடைத்தது. லிபரல் கட்சி 2018 டிசம்பரில், தேர்தலில் ஜெயித்த பிரதமரை நீக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை என்று விதித்தது. ஆனால் இந்த விதி எதிர்க்கட்சித் தலைவரைக் காப்பாற்றாது. அதனால் அங்கே இந்தச் சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

எழுதுகிறவர்களுக்காக: 'ஸ்பில் மோஷன்' என்று வருமிடத்தில் 'தலைமைக் கலைப்புத் தீர்மானம்' என்று எழுதலாம். தீர்மானம் தோற்றால் 'தலைமைக் கலைப்பு முயற்சி தோல்வி, அபோட் நீடிக்கிறார்'. வென்றால் 'லிபரல் தலைமை கலைக்கப்பட்டது; மொரிசன் புதிய தலைவர்'. ரட் 2010-இல் செய்ததுபோல வாக்கெடுப்புக்கு முன்பே ஒருவர் ஒதுங்கிவிட்டால் கலைப்பு என்று எழுத வேண்டாம், 'தலைமையிலிருந்து விலகினார்' என்பதே சரி.