பிரிட்டன் லஞ்சச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு: சின்ன கம்பெனிக்கும் ஏன் விலக்கு கூடாது?

பிரிட்டனின் லஞ்சச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2011 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. லஞ்சம் கொடுப்பது, வாங்குவது, வெளிநாட்டு அரசு அலுவலருக்குக் கொடுப்பது மூன்றுமே குற்றம். தனிநபருக்கு 10 ஆண்டு வரை சிறை. நிறுவனங்கள் பயப்படுவது 7-ஆம் பிரிவுக்குத்தான். நிறுவனத்தின் சார்பில் வேலை செய்யும் ஒருவர் அதற்குத் தொழில் பிடித்துத் தர லஞ்சம் கொடுத்தால், தடுக்கத் தவறிய குற்றம் நிறுவனத்தின் மேல் விழும். முதலாளிக்குத் தெரியாது என்பது பதிலாகாது. கொடுத்தவர் ஊழியராகவோ ஏஜென்ட்டாகவோ துணை நிறுவனமாகவோ இருக்கலாம். வேறு நாட்டில் பதிவான கம்பெனியும், தொழிலில் ஒரு பகுதியைப் பிரிட்டனில் நடத்தினால் இதில் சிக்கும்.

அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. இடைத்தரகர்கள் வழியே போன லஞ்சத்துக்காக 2020 ஜனவரியில் விமானத் தயாரிப்பு நிறுவனமான ஏர்பஸ், பிரிட்டனுக்கு மட்டும் 99 கோடி யூரோ கட்ட ஒப்புக்கொண்டது.

தப்பிக்க ஒரே வழி, லஞ்சத்தைத் தடுக்க 'போதுமான ஏற்பாடுகள்' செய்திருந்தோம் என்று நிறுவனமே நிரூபிப்பது. ஸ்கான்சென் இன்டீரியர்ஸ் என்ற உள்அலங்கார நிறுவனத்தில் ஏறக்குறைய 30 பேர்தான் வேலை செய்தார்கள். லஞ்சம் போனதை அவர்களே போலீஸுக்குச் சொன்னார்கள். 'சின்ன ஆபீஸ், எல்லாரும் நேர்மையாக இருக்கணும் என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறோம், தனிக் கொள்கை எதற்கு' என்பது அவர்கள் வாதம். 2018-இல் ஜூரி அதை ஏற்கவில்லை. பொதுவான நல்லெண்ணம் ஏற்பாடாகாது. யார் எவ்வளவு தொகைக்கு ஒப்புதல் தரலாம், யாரிடம் புகார் சொல்வது, பயிற்சி எப்போது நடந்தது என்பதெல்லாம் தேதியோடு காகிதத்தில் இருக்க வேண்டும்.

கோளாறு பெரும்பாலும் ஏஜென்ட் கமிஷனில் தொடங்கும். அவரைச் சிபாரிசு செய்ததே டெண்டர் தரும் அதிகாரியா? பணத்தை மூன்றாவது நாட்டுக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறாரா? இன்வாய்ஸில் 'ஆலோசனைக் கட்டணம்' என்ற ஒரே வரிதான் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும், என்ன வேலை செய்தார் என்று எழுத்தில் வாங்கும் வரை பணம் போகக்கூடாது. வாடிக்கையாளருக்கு நியாயமான அளவில் விருந்து கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அந்தப் பயம் தேவையில்லாதது.

சட்டத்தைத் தளர்த்தக் கேட்பவர்கள் குறிவைப்பது, காரியம் சீக்கிரம் நடக்க அதிகாரிகளுக்குக் கொடுக்கும் சில்லறைப் பணத்தை. அதற்கு விலக்கு வேண்டும் என்கிறார்கள். 2013-இல் பிரிட்டன் அரசே இதை மறுபரிசீலனை செய்ய முன்வந்தது. 2019-இல் பிரிட்டன் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் குழு சட்டத்தை முழுவதும் அலசிவிட்டு, அந்த விலக்கு வேண்டாம் என்றது. அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டு வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டத்தில் அந்த விலக்கு உண்டு. ஆனால் கணக்கில் பொய் எழுதுவது அங்கேயும் குற்றம். கொடுத்ததை 'இதர செலவு' என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம், உள்ளபடி எழுதினால் பணம் போன நாட்டின் சட்டத்துக்குச் சாட்சி தருகிறோம். அமெரிக்காவில் 2025 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தின்படி புது விசாரணைகளையே 180 நாள் நிறுத்தி வைத்தார்கள். 'மற்றவன் கொடுக்கிறான், நாம் மட்டும் பின்தங்குகிறோம்' என்பதுதான் காரணம். விலக்கு வந்தால் மற்றவனும் கொடுப்பான், நாமும் கொடுப்போம், கேட்கிற தொகைதான் ஏறும்.

விலக்கே இல்லாத சட்டம் உண்மையில் உதவுவது துறைமுகத்தில் நிற்கும் குமாஸ்தாவுக்கு. கன்டெய்னரை விடப் பணம் கேட்டால், 'கொடுத்தால் என் கம்பெனி மேல் கேஸ் வரும், ரசீது தருவீர்களா?' என்று அவரால் கேட்க முடியும். ரசீது இல்லையென்றால் கேட்டவர் பெயரைக் குறித்துக்கொண்டு, மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். இதற்குச் சில நாள் பிடிக்கும். டெலிவரி தேதி பேசும்போதே அந்த நாட்களையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். கடைசி நிமிட அவசரம்தான் பாக்கெட்டைத் திறக்க வைக்கிறது.

உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் கணக்கு வேறு. கொடுத்துவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். அன்றைக்கே தொகை, இடம், நேரம், மிரட்டிய விதம் எல்லாம் எழுதி வாங்கி, கணக்குப் புத்தகத்தில் மிரட்டலுக்குக் கொடுத்த பணம் என்றே பதியுங்கள்.